ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு வளைவு: பழைய லிவரி வரைய இங்க்ஸ்கேப் எப்படி?

லிவரி என்றால் ஓர் ஏர்லைன் தன் விமானங்களுக்குப் பூசும் வண்ணக் கோலம். அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ஓட்டிய போயிங் 727-க்கு அதை நான் வரைந்து, கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் முதல்முறை ஏற்றியபோது, உடல் நெடுக ஒழுங்காக ஓடிவந்த நீலப் பட்டை வால் தொடங்கும் இடத்தில் முறிந்து, ஒரு முழம் தள்ளிப்போய் மறுபடி ஆரம்பித்தது. அப்போது நான் பயன்படுத்தியது வழக்கமான படத் திருத்த மென்பொருள். பட்டையை அழித்து, திரும்ப வரைந்து, திரும்ப ஏற்றி, அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே போயிற்று. திங்கட்கிழமை வேலையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் டிடிபி வேலை பார்ப்பவன். யாராவது லோகோவை ஜேபெக் படமாகக் கொண்டுவந்து நீட்டினால் முகம் சுளிப்பவன். வீட்டுக்கு வந்ததும் அதே தப்பை நானே செய்துகொண்டிருக்கிறேன்!

அன்று இரவே இங்க்ஸ்கேப்பை இறக்கினேன். ஆறு மாதம் ஆகிறது. இரண்டு லிவரி முழுதாக முடித்திருக்கிறேன், இரண்டைப் பாதியில் விட்டிருக்கிறேன். இந்த மதிப்பீடு அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான். போஸ்டர் அடிக்க, அழைப்பிதழ் வடிவமைக்க இங்க்ஸ்கேப் எப்படி என்று கேட்டால் அது வேறு பேச்சு.

தெரியாதவர்களுக்கு: இங்க்ஸ்கேப் ஒரு வெக்டர் வரைகலை மென்பொருள். அதாவது படத்தைப் பிக்சல் புள்ளிகளாக அல்லாமல், எப்போது வேண்டுமானாலும் திருத்தக்கூடிய கோடுகளாக வைத்துக்கொள்ளும். இலவசம், மூலநிரலும் திறந்தது. சோடிபோடி என்ற பழைய மென்பொருளிலிருந்து 2003-ல் பிரிந்து வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்பை எஸ்விஜியாகச் சேமிக்கும். 1.0 பதிப்பு வரவே 2020 ஆகிவிட்டது, அவ்வளவு நிதானம். நான் பழகியது அதற்குப் பிந்தைய பதிப்புகளில்தான்.

பழைய லிவரிக்கு வெக்டர் ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்து விமானம் பெரும்பாலும் வெள்ளை உடம்பு, வண்ண வால், கதவோரம் ஓர் இணைய முகவரி. 1950-களிலிருந்து 70-கள் வரை அப்படி இல்லை. மூக்கிலிருந்து வால் வரை ஜன்னல் வரிசையை ஒட்டி ஒரு பட்டை ஓடும். சீட்லைன் (cheatline) என்பார்கள். ஜன்னல்கள் தனித்தனி ஓட்டைகளாகத் தெரியாமல் ஒரே கோடாகக் கண்ணுக்குப் படுவதற்கு அது உதவியது. அதற்கு மேலே வெயிலில் சூடேறாதிருக்க வெள்ளைக் கூரை, கீழே வெறும் அலுமினியம், விமானி அறைக் கண்ணாடிக்கு முன்னால் கண் கூசாதிருக்கக் கறுப்பு. ஆக மொத்தம் கோடுகளும் எழுத்துகளும்தான். கோடு பிசகினால் லிவரியே பிசகு. புகைப்படத்தில் அந்த விமானத்தை நூறு முறை பார்த்த கண், அரை ஜன்னல் உயர வித்தியாசத்தைக் கூடக் கண்டுபிடித்துவிடும்.

அந்தக் கோட்டை வரைவதில் உள்ள தொல்லை, டெக்ஸ்சர் தாளில் அது நேர்க்கோடு அல்ல என்பது. விமானத்தின் தோலை உரித்துத் தட்டையாக விரித்ததுதான் டெக்ஸ்சர். நடு உடம்பு உருளை, அதனால் அங்கே சிக்கலில்லை. மூக்கில் எல்லாம் இழுபடும். பலாப்பழத் தோலை மேசையில் வைத்து அழுத்தித் தட்டையாக்குவது மாதிரி. நிஜத்தில் மூக்கைச் சுற்றி நேராகப் போகும் கோட்டுக்கு, தாளில் மெல்ல வளைந்து மேலேறும் கோடு போட வேண்டும். எவ்வளவு வளைவு என்பது சிமுலேட்டரில் உள்ள விமான மாடலுக்கு மாடல் மாறும்.

இதற்கு நான் செய்வது: 4096-க்கு 4096 பிக்சல் தாளில், 64 பிக்சலுக்கு ஒரு கட்டமாக வலை போட்டு, கட்டத்துக்குக் கட்டம் எழுத்தும் எண்ணும் எழுதி, அதையே லிவரியாக விமானத்துக்கு மாட்டிவிடுவேன். வலை போடும் வசதி இங்க்ஸ்கேப்பின் எக்ஸ்டென்ஷன் மெனுவிலேயே இருக்கிறது. சதுரங்கப் பலகை போர்த்திய 727 ஓடுபாதையில் நிற்கும், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். வெளிக் கேமராவை மூக்கருகில் கொண்டுபோய், பழைய புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறிப்பெடுப்பேன். 'பட்டையின் மேல் விளிம்பு எச்-9-ல் பாதி, எச்-8-ல் முக்கால், ஜி-7-ல் அடிமூலை.' அந்தப் புள்ளிகளில் நோட் (கோட்டைப் பிடித்து நகர்த்தும் முடிச்சு) வைத்து, வளைவு வரையும் பெசியர் பேனாவால் இணைத்தால் கோடு தயார். மறுபடி ஏற்றிப் பார்த்து ஒரு நோட்டை மூன்று பிக்சல் நகர்த்தினால் போதும், மீதி வளைவு தானே சரிந்துகொடுக்கும். படத் திருத்த மென்பொருளில் இதே மாற்றத்துக்கு அரை மணி நேரம் ரப்பர் தேய்க்க வேண்டியிருந்தது.

பட்டையோடு சேர்ந்து மெல்லிய கம்பிக்கோடுகளும் ஓடினால் வேலை இரட்டிப்பு என்று நினைத்திருந்தேன். எடிட் மெனுவில், குளோன் என்பதற்குள், ஒரிஜினல் பாதையைக் குளோன் செய்யும் கட்டளை ஒன்று இருக்கிறது. குளோன் என்பது மூலத்தைப் பின்தொடரும் நகல். மூலக் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் தடிமனும் நிறமும் தனியாக வைத்துக்கொள்ளலாம். அடியில் தடிமனான பொன்நிறக் கோடு, அதன்மேல் கொஞ்சம் குறைந்த வெள்ளை, அதற்கும் மேல் நீலம் என மூன்றையும் அடுக்கினால் நீலப் பட்டையின் இருபுறமும் சம அளவில் வெள்ளையும் பொன்னும் எட்டிப் பார்க்கும். மூலக் கோட்டின் நோட்டை நகர்த்தினால் மூன்றும் கைகோத்துக்கொண்டு நகரும். இந்த ஒரு கட்டளைக்காகவே இங்க்ஸ்கேப்புக்கு மதிப்பெண் போடலாம். மூக்கருகே பட்டை ஒடுங்கிக் கூர்மையாக வேண்டுமென்றால் பவர்ஸ்ட்ரோக் என்ற விளைவு இருக்கிறது. கோட்டின் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றலாம்.

இனி அந்த முறிந்த பட்டைக்கு வருகிறேன்.

727-ஐ முதன்முதலில் பயணிகள் சேவையில் விட்டது ஈஸ்டர்ன்தான், 1964 பிப்ரவரி 1-ல். 60-களின் நடுவில் அவர்கள் கொண்டுவந்த லிவரிக்கு விமானப் பிரியர்கள் வைத்த பெயர் ஹாக்கி மட்டை. அடர்நீலமும் வெளிர்நீலமுமாக இரண்டு பட்டைகள் உடல் நெடுக ஓடி, பின்னால் வளைந்து வாலில் ஏறும். 1991 ஜனவரியில் கம்பெனி மூடும்வரை அடையாளம் அதுதான். அழகான லிவரி. லிவரி வரைபவனுக்கு வைத்த கண்ணி. மட்டை வளையும் இடத்திலேயே உடம்பின் டெக்ஸ்சர் முடிந்து வாலின் டெக்ஸ்சர் தொடங்குகிறது. என் மாடலில் வால் வேறு தாளில், வேறு அளவில், போதாக்குறைக்கு 90 பாகை திருப்பிப் படுத்திருந்தது.

இங்க்ஸ்கேப் 1.2-லிருந்து ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைத்துக்கொள்ளலாம். உடம்புத் தாளை முதல் பக்கமாகவும் வால் தாளை இரண்டாம் பக்கமாகவும் வைத்தேன். உடம்பிலுள்ள பட்டைகளைக் குளோன் செய்து, திருப்பி, வால் தாளின் அளவுக்குப் பெரிதாக்கி இரண்டாம் பக்கத்தில் வைத்தேன். எவ்வளவு பெரிதாக்குவது? இரண்டு தாளிலும் தெரியும் ஒரே பேனல் கோட்டை, அதாவது உடல் தகடுகள் சேரும் கோட்டை, அளந்தேன். உடம்பில் 118 பிக்சல், வாலில் 203. வகுத்தால் 1.72 மடங்கு. அதன்பின் முதல் பக்கத்தில் வளைவை எப்படி மாற்றினாலும் இரண்டாம் பக்கம் தானாக மாறியது. பதினோராவது எக்ஸ்போர்ட்டில் மட்டை ஒட்டியது. பதினொன்று என்பது அதிகமாகத் தோன்றலாம். பழைய முறையில் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஒட்டியபின் இன்னொரு பிரச்சினை. அடர்நீலமும் வெளிர்நீலமும் சந்திக்கும் விளிம்பில் முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நான் இரண்டு பட்டைகளையும் விளிம்போடு விளிம்பாகத் துல்லியமாகப் பொருத்தியிருந்தேன், அதுதான் தப்பு. விளிம்புப் பிக்சலில் இரண்டு நிறமும் ஆளுக்குப் பாதி மூடும். முதல் நிறம் பாதியை மூடியதும் மீதிப் பாதியில் பாதியைத்தான் அடுத்தது மூடுகிறது, கால்பங்கு பின்னணி கசிந்துவிடும். வெக்டரை மென்விளிம்போடு பிக்சலாக்கும்போது பொதுவாக வரும் சங்கதிதான் இது. மேலே இருக்கும் பட்டைக்கு அடியில் மற்றதை நாலைந்து பிக்சல் நுழைத்துவிட்டால் போதும். அச்சுத் தொழிலில் டிராப்பிங் என்று நாள்தோறும் செய்வதுதான். அதையும் வீட்டில் மறந்திருக்கிறேன்.

சின்ன விஷயம், ஆனால் அரை நாள் தின்றது: ஆவணத்தின் அளவை மில்லிமீட்டரில் விட்டுவிடாதீர்கள். பிக்சலுக்கு மாற்றி 4096 என்று எழுதுங்கள், எக்ஸ்போர்ட்டை 96 டிபிஐயில் வையுங்கள். அப்போதுதான் ஒன்றுக்கு ஒன்று வரும். இல்லாவிட்டால் 4095 அல்லது 4097 வந்து எல்லாக் கோடும் இழையளவு மங்கும்.

எழுத்துகள் பற்றி. பழைய ஏர்லைன்களின் பெயர் எழுத்துகள் பல கையால் வரைந்தவை, கடையில் கிடைக்கும் எழுத்துருவோடு பொருந்தாது. புகைப்படத்தைக் கொடுத்து, தானாகக் கோடாக்கித் தரும் டிரேஸ் பிட்மேப் வசதியால் செய்துவிடலாம் என்று ஆசை வரும். போட்ரேஸ் என்ற நிரல்தான் உள்ளே இருந்து அந்த வேலையைச் செய்கிறது, கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரத்துக்கு அருமையான நிரல். ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஸ்லைடை ஸ்கேன் செய்த மங்கல் படத்தில் அது தூசியையும் நம்பி வரைந்துவிடும். ஒரே பெயருக்கு எனக்கு 240 நோட் வந்தது. சிம்ப்ளிஃபை கொடுத்தால் நோட் குறையும், கூடவே மூலைகளும் உருண்டுவிடும். அந்தப் படத்தை அடியில் வைத்துக் கையால் மேலே வரைந்தேன். 60 நோட்டுக்குள் முடிந்தது. வளைவின் உச்சிகளில் மட்டும் நோட் வைப்பது என்ற பழைய பாடம் இங்கேயும் செல்லும்.

இதில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெயர் எழுத்து ஜன்னலுக்கு மேலே, உடம்பு உள்பக்கம் சாயத் தொடங்கும் இடத்தில் இருக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்த புகைப்படத்தில் அது குட்டையாகத் தெரியும். தோல் 30 பாகை சாய்ந்திருக்கும் இடத்தில் உயரம் ஏறக்குறைய 13 சதவீதம் குறைந்து தெரியும். புகைப்படத்திலிருந்து அப்படியே எடுத்துத் தட்டையான தாளில் வைத்தால், சிமுலேட்டரில் அது மறுபடி ஒருமுறை குறுகும். என் முதல் ஈஸ்டர்ன் எழுத்துகள் மிதிபட்டவை போல இருந்ததற்குக் காரணம் அதுதான். உயரத்தை இழுத்துவிட்டதும் சரியாயிற்று.

அடுத்தது ஏர் இந்தியா 747. இதைத்தான் மனசார வரைந்தேன். 1971-ல் முதல் 747 வந்தபோது 'வானத்தில் உங்கள் அரண்மனை' என்று விளம்பரம் செய்தார்கள். அரண்மனை என்றால் சும்மாவா? ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ஜரோக்கா எனப்படும் மாடத்தின் வடிவில் சிவப்பு வளைவு தீட்டியிருந்தார்கள். பட்டையால் ஜன்னல்களை மறைக்க எல்லோரும் பாடுபட்ட காலத்தில், ஒவ்வொரு ஜன்னலையும் தனியாகப் பார் என்று காட்டிய லிவரி. தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்புச் சரிகை. கிட்டப்போனால் நூற்றுக்கும் மேல் குட்டி வளைவுகள்.

கையால் நூறு முறை வரைய எனக்குப் பைத்தியமா? டைல்டு குளோன் என்ற வசதியைத் திறந்தேன். ஒரு வளைவை மட்டும் நிதானமாக வரைந்தேன். இரண்டு பக்கமும் எழும்பி, உச்சியில் சிறு கூர். பிறகு இடைவெளி. போயிங் விமானங்களில் ஜன்னலுக்கு ஜன்னல் பொதுவாக 20 அங்குலம், அதாவது 50.8 சென்டிமீட்டர். உடம்புச் சட்டகங்களின் இடைவெளியே அதுதான். தாளில் அது எத்தனை பிக்சல் என்று ஒரு ஜன்னலை அளந்து பார்க்கக் கூடாது. இருபது இடைவெளிகளைச் சேர்த்து அளந்தேன்: 1107 பிக்சல். இருபதால் வகுத்தால் 55.35. 'சரி, 55 என்று வைத்துக்கொள்வோம்' என்று விட்டிருந்தால் இருபதாவது ஜன்னலில் வளைவு 7 பிக்சல் தள்ளியிருக்கும். நிஜ விமானத்தில் அது ஆறரை சென்டிமீட்டர், ஜன்னல் கண்ணாடியின் மேலேயே சிவப்பு ஏறியிருக்கும்.

டைல்டு குளோன் பெட்டியில் இடைவெளியைப் பிக்சலில் கேட்பதில்லை, வடிவத்தின் அகலத்தில் இத்தனை சதவீதம் என்று கேட்கும். என் வளைவின் அகலம் 38 பிக்சல். மீதி 17.35. அதை 38-ஆல் வகுத்தால் 45.66 சதவீதம். கால்குலேட்டர் பக்கத்தில் வேண்டும். அந்தப் பெட்டி முழுக்கவே விமானி அறை மாதிரி எண்களும் குமிழ்களுமாக இருக்கும், முதல்முறை பார்த்தால் பயம் வரும். பெரும்பாலானவற்றைத் தொடவே வேண்டியதில்லை. எண்ணைத் தட்டி கிரியேட் அழுத்தினேன். ஒரு மூச்சில் வரிசையாக வந்து நின்றன சிவப்பு வளைவுகள், பள்ளிக்கூடப் பிரேயரில் பிள்ளைகள் நிற்பது போல. நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

ஏற்றிப் பார்த்தால் உச்சிக்கூர் அதிகக் கூர்மையாகப்பட்டது. மூல வளைவில் ஒரே ஒரு நோட்டை ஒன்றரைப் பிக்சல் இறக்கினேன், எல்லா ஜன்னலிலும் இறங்கிவிட்டது. கதவு வரும் இடங்களிலும் ஜன்னல் அடைபட்ட இடங்களிலும் அதிகப்படி குளோன்களை நீக்க வேண்டும், அது கைவேலைதான். மூக்குப் பக்கம் உடம்பு ஒடுங்குவதால் ஜன்னல் வரிசையே தாளில் வளைகிறது. அங்கே ஒவ்வொரு வளைவையும் ஒன்று, ஒன்றரைப் பாகை என்று தனித்தனியாகச் சாய்த்தேன். வலப்பக்கத்துக்கு எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடலாம், வளைவு இரண்டு பக்கமும் ஒன்றுதானே. பெயர் எழுத்தைத் திருப்பினால் மட்டும் ஆம்புலன்ஸ் முகப்பு மாதிரி ஆகிவிடும்.

இங்க்ஸ்கேப் கைவிடும் இடங்களையும் சொல்ல வேண்டும். பேனல் கோடுகள், ஆணிகள், எண்ணெய்க் கசிவு, புகைக்கரி, இறக்கை மேல் காலடி அழுக்கு இதெல்லாம் வெக்டரின் வேலையே அல்ல. பட்டையையும் எழுத்தையும் ஒளிபுகும் பின்னணியோடு பிஎன்ஜியாக எடுத்து, ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து, மேலே பேனல் கோட்டு லேயரை மல்டிப்ளை முறையில் (அடிநிறத்தை இருட்டாக்கிக் கலக்கும் முறை) போடுவதுதான் என் வழி. தாளின் பெரிய படத்தை இங்க்ஸ்கேப்புக்குள் பதித்துவிட்டு வேலை செய்தால் கோப்பு ஊதிப்போகும். பதிக்காமல் லிங்க் மட்டும் கொடுங்கள்.

வெறும் அலுமினியமும் இதில் வராது. இன்றைய சிமுலேட்டர்களில் பளபளப்பு என்பது வண்ணம் அல்ல, தனிப் படம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் ஒரு தாளின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்கள் முறையே நிழல், சொரசொரப்பு, உலோகத்தன்மை என்று பிரிந்திருக்கும். பெயின்ட் அடித்த பட்டை உலோகம் அல்ல, அதற்குக் கீழே தெரியும் உடம்பு உலோகம். ஆகவே பட்டையின் அதே வடிவத்தைக் கறுப்பு வெள்ளையில் முகமூடியாகவும் எடுத்துக்கொடுக்க வேண்டும். முகமூடி வரை இங்க்ஸ்கேப் கச்சிதம். பேனலுக்குப் பேனல் மினுமினுப்பு மாறும் அந்த உயிர் ஜிம்ப்பில் தூரிகையால்தான் வரும்.

பல சிமுலேட்டர்கள் டெக்ஸ்சருக்குக் கேட்கும் டிடிஎஸ் கோப்பாக இங்க்ஸ்கேப் சேமிக்காது, வேறு கருவி வேண்டும். விண்டோஸில் பெயின்ட் டாட் நெட் அதை நேரடியாகத் திறக்கும், சேமிக்கும். இங்கே ஒரு சூட்சுமம். பழைய டிஎக்ஸ்டி1 சுருக்கமுறை படத்தை 4-க்கு 4 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டை ஊகித்துக்கொள்ளும். ஈஸ்டர்னின் வெள்ளை, வெளிர்நீலம், அடர்நீலம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நிற வரிசை, அதனால் தப்பித்துவிடும். நீலப் பட்டையோரம் வெள்ளையும் பொன்நிறக் கம்பியும் சேர்ந்து ஒரே கட்டத்தில் மாட்டினால் மூன்றாவது நிறத்துக்கு அங்கே இடமில்லை. பொன் சாம்பலாகிவிடும். பிசி7 என்ற புதிய சுருக்கமுறை இதை நன்றாகச் சமாளிக்கிறது, சிமுலேட்டர் ஏற்றுக்கொண்டால் அதையே எடுங்கள். எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டர்) காரர்கள் டிடிஎஸ்ஸைத் தலைகீழாகத் திருப்பிச் சேமிக்க மறக்காதீர்கள். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர்தான் இந்த விஷயத்தில் தங்கம்: லிவரீஸ் கோப்புறைக்குள் பிஎன்ஜியைச் சரியான பெயரில் போட்டால் முடிந்தது. மைக்ரோசாஃப்டில் லேஅவுட் ஜேசன் கோப்பில் ஒவ்வொரு கோப்பின் அளவும் பதிவாகியிருக்கும். படத்தை மாற்றிவிட்டு அதைப் புதுப்பிக்க மறந்து, 'ஏன் எதுவுமே மாறவில்லை' என்று நான் தலையைச் சொறிந்த இரவுகள் உண்டு.

நிறத்தைப் பற்றி இங்க்ஸ்கேப்பைக் குறைசொல்ல முடியாது, அது கொடுத்த எண்ணைக் காட்டும். கொடுக்கும் எண்தான் சிக்கல், அது பழைய ஸ்லைடு ஃபிலிம்களிலிருந்து வருகிறது. கோடாக்குரோம் ஸ்லைடு இருட்டில் வைத்திருந்தால் நிறம் நன்றாகத் தாங்கும். பழைய எக்டாக்குரோம் பல, வருடங்கள் போகப் போக செம்மை ஏறிவிடும். ஒரே விமானம் ஒரு படத்தில் நீலமாகவும் இன்னொன்றில் கத்தரிப்பூவாகவும் தெரியும். நான் கூரையின் வெள்ளையைத் தொட்டு, அது நடுநிலையாகும்வரை படத்தைத் திருத்தி, பிறகுதான் பட்டையின் நிறத்தை எடுப்பேன். அந்த வெள்ளையையும் 255, அதாவது முழு வெள்ளை, என்று வைக்காதீர்கள், வெயிலில் விமானம் டியூப்லைட் ஆகிவிடும். 235 வாக்கில் வைத்தால் நிழல் விழ இடம் இருக்கும்.

பெயின்ட் கிட் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லிவரி வரைபவர்களுக்காகக் கொடுக்கும் வெற்றுத் தாள்களின் தொகுப்பு அது. 727 மாடலோடு வந்தது, தயாரித்தவர் பெயர் வேண்டாம். லேயர்கள் எல்லாம் ஒன்றாக அமுக்கப்பட்டு, பேனல் கோடு வெள்ளைப் பெயின்ட்டோடு கலந்து கிடந்தது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அளவு நூற்றுக்கு ஒன்று வித்தியாசம். நான் செலவழித்த நேரத்தில் பாதி அதோடுதான் போயிற்று. இங்க்ஸ்கேப் மேல் பழியைப் போடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், சீட்லைன் ஓடும் லிவரியாக இருந்தால். பான் ஆம், ஈஸ்டர்ன், ஏர் இந்தியா எல்லாம் இதில் அடக்கம். பிரானிஃப் வரைய ஆசைப்பட்டால் கணக்கு மாறும். 1965-ல் அலெக்சாண்டர் ஜிரார்ட் யோசனைப்படி முழு உடம்பையும் ஒரே நிறத்தில் அடித்தார்கள், ஒரு விமானம் ஆரஞ்சு, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். அதற்கு ஒரே நிறத்தைக் கொட்டி நிரப்பும் வாளிக் கருவியே போதும். அதே பிரானிஃபுக்காக 1973-ல் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் வடிவமைத்த டிசி-8-ஐ எடுத்துக்கொண்டால், வண்ணத் தீற்றல்கள் உடம்பு முழுக்க அலைகின்றன. நான் அதைப் பெசியரில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் மூடிவைத்தேன். கை நடுக்கத்தோடு போட வேண்டிய கோட்டை இது சலவைக்குப் போட்ட மாதிரி நேர்த்தியாக்கிவிடுகிறது. அந்தக் கோப்பு இன்னும் பாதியில் கிடக்கிறது.

வெக்டர் பழக்கமே இல்லாதவர்கள் முதல் இரண்டு வாரம் நோட்டின் கைப்பிடிகளோடு சண்டை போடத்தான் வேண்டும். முதல் லிவரியாக 747-ஐ எடுக்காதீர்கள். 727-100 நல்லது: 40.6 மீட்டர் நீளம், 4096 பிக்சல் தாளில் முழு நீளமும் விரிந்தால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். மனக்கணக்கு சுலபம்.

இதை எழுதும்போது பக்கத்துத் திரையில் ஏர் இந்தியா 747 நிற்கிறது. ஏழெட்டு முறை பறந்த பிறகு இப்போதுதான் கண்ணில் படுகிறது: வலப்பக்கம், மூன்றாம் கதவுக்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னலே இல்லாத இடத்தில் ஒரு சிவப்பு வளைவு சும்மா நிற்கிறது. குளோனைத் தொட்டு டெலீட் அடிக்க ஒரு நொடி. அப்புறம் எக்ஸ்போர்ட், ஜிம்ப், டிடிஎஸ், லேஅவுட் ஜேசன். இன்று ராத்திரி அந்த வேலை இருக்கிறது.